மலை ஏறிய படகுகள்



பதுளையில் வாழும் ஒருவன் படகுகளைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ அமைந்தது. எங்கள் ஆறுகள் படகை ஏற்பன அல்ல, உருட்டி விடுவன. பதுளை ஓயா ஊரை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் துன்ஹிந்த என்னுமிடத்தில் 64 மீற்றர் பாய்ந்து வீழ்கின்றது. அந்த ஆற்றில் ஓடம் விடுவார் யார்?

ஆயினும் படகைப் பற்றிச் சிந்திக்கும் கட்டாயம் எனக்கு ஏற்பட்டது. முன்னொரு காலத்தில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்பொழுது நகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். சில மாதங்களுக்கு முன் அவன் ஒரு வரைபடத்துடன் என் வீட்டுக்கு வந்தான். அடிப்பாகம் தட்டையான ஒரு சிறு படகு. அதன்மேல் நால்வர் படுத்துறங்கத்தக்க ஓர் அறை. சமைக்க ஒரு மூலை. கூரையில் சூரிய ஒளியால் மின்சாரம் தரும் தகடுகள். இவ்வளவும் வானுக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் ட்ரெய்லரில் ஏற்றப்பட்டு, மலையிலிருந்து இறங்கி, ஏதேனும் ஒரு பெரிய குளத்தில் மிதக்க வேண்டும். இரண்டு மூன்று நாள்களுக்குக் கரையிலிருந்து எதனையும் எதிர்பார்க்கலாகாது. “சேர், இப்படி எவராவது முன்பு செய்திருக்கிறார்களா?” என்பதே அவன் கேள்வி.

வரலாறு கற்பிப்பவனுக்கு இதனினும் இனிய கேள்வி வேறு உண்டோ? நான் சில நூல்களைப் புரட்டினேன். அவனுக்குக் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

முதலாவதாக, நீரின்மேல் வீடு அமைத்தல் நம்மவர்க்குப் புதியதன்று. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரையில் ஒல்லாந்தரும் அவருக்குப் பின் ஆங்கிலேயரும் அமைத்த கால்வாய்களில், தட்டையான அடியும் நிமிர்ந்த பக்கங்களும் வளைந்த கிடுகுக் கூரையும் உடைய பெரும் படகுகள் நெடுங்காலம் ஓடின. இரத்தினபுரியிலிருந்து களுகங்கை வழியே களுத்துறைக்கும் சரக்குப் படகுகள் சென்றன. மூங்கிற் கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளுவதே அவற்றை ஓட்டும் முறை. ஓட்டுவோர் அங்கேயே சமைத்தனர், அங்கேயே உறங்கினர். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் தட்டை மிதவையைக் கிழக்கிலங்கைத் தமிழர் ‘பாதை’ என்று அழைப்பர். மட்டக்களப்பில் மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில் மக்கள் பாதையிலேயே கடந்தனர். நீரின் மீது செல்லும் கலத்துக்கே வழியின் பெயரை இட்ட அந்த வழக்கு எண்ணி மகிழத்தக்கது.

கேரளத்தின் கெட்டுவள்ளம் இதனினும் புகழ் வாய்ந்தது. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஓர் ஆணியும் அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து, மரமுந்திரிகைக் கொட்டையிலிருந்து காய்ச்சிய கரிய நெய்யைப் பூசி அதனைக் கட்டினர். குட்டநாட்டு நெல்லைச் சுமந்து காயல் வழியே சந்தைகளுக்குச் சென்ற வள்ளங்கள் அவை. சாலைகளும் லொறிகளும் வந்த பின்னர் வேலையற்றுக் கரையிற் கிடந்த அவ்வள்ளங்களே, 1990களில் உல்லாசப் பிரயாணிகள் தங்கும் வீட்டுப் படகுகளாக மாற்றம் பெற்றன. நெல் இருந்த இடத்தில் கட்டிலும் குளியலறையும் அமைந்தன.

ஆனால் இவற்றால் என் மாணவனின் கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. பாதையும் கெட்டுவள்ளமும் நீரிற் பிறந்து நீரிலேயே முதுமையடைந்தவை. அவை தரையில் பயணம் செய்ததில்லை. எனவே அவற்றுக்கு எடையைப் பற்றிய கவலை குறைவு. அவன் விரும்பும் படகுக்கோ இரண்டு வாழ்க்கைகள் உண்டு. நீரில் அது வீடு. நிலத்தில் அது சுமை. இந்த இரட்டை வாழ்க்கையின் வரலாற்றைத் தேடினால், நாம் தென் அமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் செல்ல வேண்டியிருக்கின்றது.

தென் அமெரிக்காவில், பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவாக டிட்டிகாக்கா என்னும் ஏரி உள்ளது. கடல் மட்டத்துக்கு மேல் அதன் உயரம் ஏறத்தாழ 3,810 மீற்றர். நமது நாட்டின் அதியுயர்ந்த சிகரமாகிய பீதுருதலாகலை 2,524 மீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், அந்த ஏரி எத்தகைய இடத்தில் உள்ளதென்பது விளங்கும். அங்கே இரண்டு நீராவிக் கப்பல்களை விடுவதெனப் பெரு அரசாங்கம் 1861ஆம் ஆண்டில் தீர்மானித்தது. கடலிலிருந்து அந்த ஏரிக்குச் செல்லும் நீர்வழி எதுவும் இல்லை. ஆகவே இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரைத் தொழிற்சாலையொன்றில் இரும்பினாற் கப்பல்களைச் செய்து, அவற்றை 2,766 துண்டுகளாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்தனர். ஒரு கோவேறு கழுதை சுமக்கக்கூடிய பாரத்தை எந்தப் பெட்டியும் மீறலாகாது என்பது விதி.

1862ஆம் ஆண்டில் பெட்டிகள் பசுபிக் கரையிலுள்ள அரிக்காத் துறைமுகத்தை அடைந்தன. சிறிது தூரம் இருப்புப்பாதை; அதன்பின் அந்தீசு மலைத்தொடரின் ஒற்றையடிப் பாதைகள். ஆறே மாதங்களில் முடிந்துவிடும் என்று எண்ணிய வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பெட்டிகள் வழிநெடுகச் சிதறிக் கிடந்தன. இடையில் போர் வந்தது. 1868ஆம் ஆண்டில் பெரும் பூகம்பமும் வந்தது. கழுதைகளாலும் கழுதைக்காரராலும் முடியாததை மலைவாழ் பூர்வீகக் குடிகள் தம் தோள்களால் முடித்தனர். ‘யாவரி’ என்னும் முதற் கப்பல் 1870ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று ஏரியில் இறக்கப்பட்டது. அந்த உயரத்தில் விறகும் நிலக்கரியும் அரியனவாதலால், லாமா என்னும் விலங்கின் உலர்ந்த சாணத்தை எரித்தே அதன் கொதிகலனை இயக்கினர். கரையிலிருந்து எதனையும் எதிர்பாராத கலத்துக்கு இது நல்லதொரு பாடம். தன் நீர்நிலையின் அருகில் கிடைப்பது எதுவோ அதனை எரிபொருளாகக் கொள்வதே அறிவுடைமை. அன்று சாணம், இன்று சூரிய ஒளி.

ஆபிரிக்காவின் கதை வேறு வகைப்பட்டது. ஹென்றி மோர்ட்டன் ஸ்டான்லி என்னும் பயணி, அங்குள்ள பேரேரிகளைச் சுற்றிப் பார்க்கவென்று, 40 அடி நீளமுள்ள மரப் படகொன்றைப் பகுதிகளாகக் கழற்றத்தக்கவாறு இங்கிலாந்திற் செய்வித்தார். தாம் மணக்க எண்ணியிருந்த பெண்ணின் பெயரால் அதற்கு ‘லேடி ஆலிஸ்’ என்று பெயரிட்டார். சான்சிபாரில் இறக்கிப் பார்த்தபோது, அப்பகுதிகள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் பாரமாகவும், காட்டுப் பாதைகளுக்கு ஒவ்வாத அகலமாகவும் இருந்தன. வேறு வழியின்றி அங்கேயே ஒரு தச்சரைக் கொண்டு அவற்றை மேலும் சிறு பகுதிகளாக வெட்டுவித்தார். வரைபடத்தில் இலேசாகத் தோன்றும் படகு தராசில் ஏறியதும் பாரமாகிவிடும் என்னும் உண்மையை ஸ்டான்லி அன்று விலை கொடுத்துக் கற்றார்.

1874ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர்கள் கடற்கரையை விட்டுப் புறப்பட்டனர். படகைச் சுமந்தவர்கள் அக்கூட்டத்திலேயே வலிமை மிக்கவர்கள். மற்றைச் சுமையாளரினும் கூடுதலான கூலி பெற்றவர்கள். 1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் விக்டோரியா ஏரிக்கரையில் துண்டுகள் ஒன்றாய்ப் பூட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் லேடி ஆலிஸ் அப்பேரேரியை வலம் வந்து, அது ஒரே ஏரிதான் என்பதை உறுதிப்படுத்தியது. பின்னர் டாங்கனீக்கா ஏரியிலும் கொங்கோ நதியிலும் அது மிதந்தது. 1877ஆம் ஆண்டில், கொங்கோவின் அருவித்தொடருக்கு அருகே ஒரு பாறையின்மேல் கைவிடப்பட்டது. கடற்கரையிலிருந்து புறப்பட்டவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே மறுகரையை அடைந்தனர். ஏனையோரிற் பலர் இறந்தனர்; பலர் வழியில் விலகிச் சென்றனர். படகுக்குப் பெயர் தந்த மங்கையோ, ஸ்டான்லி திரும்பி வருமுன்னரே வேறொருவரை மணந்துகொண்டார்.

அப்படகின் சுக்கானைப் பிடித்தவர் உலேதி என்னும் ஆபிரிக்கர். நீர்ச்சுழியில் அகப்பட்ட பலரை அவர் உயிரோடு மீட்டார் என்று ஸ்டான்லியே எழுதியிருக்கின்றார். ஆயினும் லேடி ஆலிஸின் பெயரை அறிந்தவர்களுள் உலேதியின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

அதே 1875ஆம் ஆண்டில் ‘இலாலா’ என்னும் சிறு நீராவிப் படகும் நியாசா ஏரியை அடைந்தது. இந்நாளில் அதனை மலாவி ஏரி என்பர். ஷிரே நதியின் அருவிகளைப் படகு தாண்ட முடியாதாகையால், அதைக் கழற்றித் துண்டுகளாக்கினர். நூற்றுக்கணக்கான சுமையாளர் அத்துண்டுகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து மேட்டு நிலத்துக்கு ஏறினர்.

நேயர்களே, இக்கதைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் ஏரிகளை மறந்து எங்கள் மலைகளையே நினைத்தேன். பொதிமாட்டுக் கூட்டங்களைச் சிங்கள மக்கள் ‘தவலம’ என்பர். அக்கூட்டங்களே பழங்காலத்தில் கிழக்குக் கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் ஊவாவுக்கு ஏற்றி வந்தன. கோப்பித் தோட்டங்களின் காலத்தில் மாட்டு வண்டிகள் வந்தன. 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை எழுந்தது. தேயிலைக்கோ தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்குக் கொதிகலனும் அரைக்கும் உருளைகளும் இரும்புத் தூண்களும் வேண்டும். புகைவண்டி பண்டாரவளையை அடைந்தது 1894ஆம் ஆண்டில். பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் பசறைக்கும் மடுல்சீமைக்கும் சென்ற ஒவ்வோர் இரும்புத் துண்டும் வண்டிப் பாதை முடியுமிடம் வரையில் மாட்டின் கழுத்திலும், அதற்கப்பால் மனிதனின் தோளிலும் ஏறிச் சென்றதேயாகும். தொழிற்சாலையின் நெற்றியில் அது கட்டப்பட்ட ஆண்டைப் பொறித்திருப்பர். சுமந்தவரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்களுள் பலர், மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் மக்கள்.

இலேசான கலம் என்று நாம் எதனைச் சொல்கிறோமோ, அதன் பாரம் மறைந்து போவதில்லை. யாரோ ஒருவர் மேல் ஏறியிருக்கின்றது. நான் என் மாணவனுக்குச் சொல்ல விரும்பிய வரலாற்றுப் பாடம் இதுவே. வீட்டுப் படகை அமைப்பவன் முதலில் கேட்க வேண்டியது, ‘எத்தனை வசதிகள் வைக்கலாம்?’ என்பதன்று, ‘ஒவ்வொரு வசதியையும் யார், எவ்வாறு சுமப்பர்?’ என்பதாகும்.

இனி அவன் செல்ல விரும்பும் நீர்நிலையைப் பற்றிச் சிறிது கூறுவேன். பட்டிப்பளை ஆறு என நாம் வழங்கும் கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுக்கின்றது. 1949ஆம் ஆண்டில் இங்கினியாகலையில் அந்த ஆற்றுக்கு அணை கட்டத் தொடங்கினர். அதனால் உண்டான சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று. அதன் ஒரு பகுதி எங்கள் மொனராகலை மாவட்டத்தைத் தொடுகின்றது. யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதை அங்கே படகிலிருந்து காணலாம். வேடர்கள் வேட்டையாடிய காடுகளின் ஒரு பகுதி அந்நீரின் அடியில் உறங்குகின்றது என்பதையும் மறத்தலாகாது. 1954ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பதால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே படகு இறக்குதலும் இராத்தங்குதலும் தகா. அனுமதி கிடையாவிடின் வேறு குளத்தைத் தேட வேண்டும் என்று முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன்.

பின்னர் நாங்கள் இருவரும் வரைபடத்தை விரித்துவைத்துக் கணக்கிட்டோம். ஆர்க்கிமிடீசின் விதி பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. தட்டையான அடியும் நிமிர்ந்த பக்கங்களும் உள்ள படகு 5 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் உடையதாயின், 100 கிலோ கூடுந்தோறும் அது நீரில் ஒரு சென்ரிமீற்றர் தாழும். நால்வரும் அவர்தம் மூட்டைகளும் 300 கிலோ எனக் கொண்டால் மூன்று சென்ரிமீற்றர். நீரில் அது ஒரு பொருட்டன்று. ஆனால் அதே 300 கிலோ ட்ரெய்லரில் ஏறினால், பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கும் வளைவுகளில் தடைக்கட்டை சூடேறிப் பிடி தளரக்கூடும். ஆகவே ஆட்களும் மூட்டைகளும் வானில் இருத்தல் வேண்டும். 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி என்பது 200 கிலோ பாரம். அதனை மலையிலிருந்து நிரப்பிச் செல்லுதல் பேதைமை. வெறுமையாகக் கொண்டுசென்று கரையில் நிரப்புதலே முறை. குடிப்பதற்கு மட்டும் வீட்டிலிருந்து கலன்களில் எடுத்துச் செல்லலாம். குளத்து நீரைக் குடிப்பதாயின் வடித்துக் காய்ச்சல் வேண்டும். தாங்கி பாதி நிரம்பியிருப்பதும் தீங்கு. நீர் இங்குமங்கும் அலைந்து படகைச் சாய்க்கும். ஒரு பெரிய தாங்கிக்குப் பதிலாக இரண்டு சிறியன நன்று.

மின்கலத்தைப் பற்றியும் ஆராய்ந்தோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட பழைய ஈய மின்கலம் 30 கிலோ அளவில் இருக்கும். அதன் கொள்ளளவில் பாதியையே பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். லித்தியம் வகை அதில் பாதி எடையும் இல்லை; விலைதான் அதிகம். ஐந்து வாற் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் செலவாவது 100 வாற்-மணியே. எனவே இரவு வெளிச்சத்துக்குப் பெரிய மின்கலம் தேவையில்லை. எதுவாயினும் மின்கலமும் தண்ணீரும் படகின் நடுவே, அடித்தளத்தில் அமைதல் வேண்டும். கூரையில் சூரியத் தகடுகளன்றி வேறொன்றும் ஏறலாகாது. ட்ரெய்லரில் மொத்தப் பாரத்தின் பத்தில் ஒரு பங்களவு முன்கொளுவியில் அழுந்தும்படி படகை வைக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால் வண்டி வால் ஆட்டத் தொடங்கும்.

அவன் வரைந்திருந்த அறை ஆள் உயரத்துக்கும் மேலாக நின்றது. இதனை நான் மறுத்தேன். ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தரும் அந்த வறண்ட காற்று, மலையைக் கடந்து கீழே இறங்கும்போது கச்சானாக வீசும். உயர்ந்த சுவரும் ஆழமற்ற அடியும் உடைய படகை அது காகிதம் போல் தள்ளிக்கொண்டு போகும். பட்ட மரங்கள் நீருக்குள் நிற்கும் தேக்கத்தில் அத்தகைய ஓட்டம் ஆபத்தானது. பாதைப் படகுகளின் கூரை ஏன் தாழ்வாக வளைந்திருந்தது என்பதை அப்போதுதான் இருவரும் உணர்ந்தோம். உட்கார உயரம் போதும். நிற்க விரும்புவோர் வெளியே நிற்கட்டும் என்று முடிவாயிற்று. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் படகின் அடியிலே தங்கும். ஆதலால் அடுப்பும் சிலிண்டரும் வெளித்தட்டிலே இடம் பெற்றன. கழிவு எதுவும் நீரில் விழலாகாது என்றும், மூடிய கலத்தில் அடைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதிக்கொண்டான். பிறர் பயிரிடவும் பருகவும் பயன்படுத்தும் நீர் அது.

இறுதியாக ஒரு பயிற்சிப் புத்தகத்தை அவனிடம் கொடுத்து, படகில் ஏறும் ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து, அதன் எடையையும் அதனைத் தூக்கி ஏற்றுபவர் பெயரையும் எழுதச் சொன்னேன். எடை எதற்கென்று அவன் கேட்கவில்லை. பெயர் எதற்கென்று மட்டும் கேட்டான். யாவரியின் 2,766 துண்டுகளைப் பற்றியும், உலேதியைப் பற்றியும், பசறைப் பாதையில் இரும்பு சுமந்தவர்களைப் பற்றியும் அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, தன் பாட்டனார் தோட்டத் தொழிற்சாலையில் கொதிகலன் அறையில் வேலை செய்தவர் என்றும், அந்தக் கொதிகலன் எவ்வாறு மலையேறியது என்று வீட்டில் எவரும் பேசிக் கேட்டதில்லை என்றும் கூறினான்.

படகு இன்னும் முற்றுப்பெறவில்லை. சட்டகம் மட்டும் பட்டறையில் கவிழ்ந்து கிடக்கின்றது. கச்சான் ஓய்ந்து, பருவமழை தொடங்குவதற்கு முன்னுள்ள இடைக்காலத்தில் அதனை முதன்முறையாக நீரில் இறக்குவது என்பது அவன் எண்ணம். அந்தப் புத்தகத்தில் கடைசியாக நான் பார்த்தபோது 41 பொருள்கள் பதிவாகியிருந்தன. முதல் வரியில் எழுதியிருந்தது: ‘அடிச் சட்டகம், 180 கிலோ.’ அதற்கெதிரே ஆறு பெயர்கள் இருந்தன. அவர்கள் அனைவரும் அவனுடைய லயத்து அயலவர்.